வரி வரியான இறக்கை: போலந்தின் பழைய போர் விமானக் கிட்களில் எதை எடுப்பது?

கேள்வி இதுதான்: "ஸ்பிட்ஃபயர், மெஸர்ஷ்மிட், மஸ்டாங் என்று ஐந்தாறு 1/72 கிட் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவுள்ள, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரி விமானம்) செய்து முடித்துவிட்டேன். போலந்து நிறுவனங்கள் தங்கள் நாட்டின் 1930-களின் போர் விமானங்களைப் புதிய கிட்களாகக் கொண்டுவந்திருக்கின்றன. பி.7, பி.11, பி.24 எல்லாம் எனக்கு ஒரே மாதிரி தெரிகின்றன. எதை வாங்கலாம்? செய்வது கஷ்டமா?"

ஒரு வரியில் சொல்வதென்றால் 1/72-ல் பி.11சி வாங்குங்கள். ஐந்தாறு கிட் முடித்த கைக்கு இது கஷ்டமில்லை. ஆனால் ஸ்பிட்ஃபயரில் பழகிய கையோடு இதைத் தொட்டால் ஓர் இடத்தில் கட்டாயம் மாட்டிக்கொள்வீர்கள். அது இறக்கை. அங்கே வருவதற்கு முன்னால், மூன்றும் ஏன் ஒன்று போலவே இருக்கின்றன என்று பார்த்துவிடலாம். அது தெரிந்தால் எந்தப் பெட்டியை எடுப்பது என்பதும் தானாகவே தெளிவாகும்.

மூன்றும் ஒரே மனிதரின் யோசனையிலிருந்து வந்தவை. ஸிக்முண்ட் புவாவ்ஸ்கி, 1901-ல் லூப்ளினில் பிறந்தவர். வார்சாவில் இருந்த அரசு விமானத் தொழிற்சாலையான பி.இசட்.எல்.-இல் வடிவமைப்பாளர். விமானத்தின் பெயரில் வரும் 'பி' அவருடைய பெயரின் முதலெழுத்துதான். அன்றைக்குப் போர் விமானம் என்றால் பெரும்பாலும் இரட்டை இறக்கைதான். மேல் இறக்கை விமானியின் பார்வையை மறைக்கும். ஒற்றை இறக்கையைத் தோளுக்கு மேல் வைத்தாலும் அதே தொல்லை. இவர் இறக்கையை உடலோடு சேரும் இடத்தில் மெல்லியதாக்கி, கடற்பறவையின் இறக்கை போல மேலே வளைத்து, பிறகு சமமாக விரித்தார். உடலை ஒட்டிய பகுதி மெலிந்துவிட்டதால் விமானிக்கு முன்பக்கம் நன்றாகத் தெரிந்தது. கீழேயிருந்து பக்கத்துக்கு இரண்டு தாங்கு கம்பிகள் இறக்கையைப் பிடித்துக்கொள்ளும். இதை 'போலந்து இறக்கை' என்றே பல நாடுகளில் சொன்னார்கள். முதல் விமானமான பி.1 1929-ல் பறந்தது. 1931 மார்ச்சில், தாமே வடிவமைத்த நிலத்திலும் நீரிலும் இறங்கும் சிறு விமானத்தை ஓட்டிப் பார்க்கும்போது வார்சாவில் விழுந்து இறந்துபோனார். வயது 29. பி.11 பறந்ததை அவர் பார்க்கவில்லை. அவருக்குப் பிறகு வேலையை எடுத்துச் செய்தவர் விஸேவோலோட் யாகிமியுக். இவர் பின்னாளில் கனடாவுக்குப் போய் சிப்மங்க் பயிற்சி விமானத்தை வடிவமைத்தார். இரண்டு விமானங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே ஆளின் கை என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, வித்தியாசம் என்ன?

பி.7ஏ மூத்தது. பிரிஸ்டல் ஜுபிட்டர் இன்ஜின், வேகம் மணிக்கு 330 கிலோமீட்டரைத் தொடாது. சுமார் 150 செய்தார்கள். 1933-ல் போலந்தின் முன்வரிசைப் போர்ப் படைகள் எல்லாவற்றிலும் இதுவே இருந்தது. முழு உலோக ஒற்றை இறக்கை விமானங்களைக் கொண்டே போர்ப்படை முழுவதையும் நிரப்பிய முதல் விமானப்படை அதுதான் என்று சொல்வார்கள். ஆறே வருடத்தில் அந்தப் பெருமை பழங்கதையாகிவிட்டது என்பது வேறு விஷயம். 1939 செப்டம்பரில் மூன்று படைப்பிரிவுகள், சுமார் முப்பது விமானம், இன்னும் இதையே வைத்துப் போரிட்டன.

பி.11 அதன் அடுத்த தலைமுறை. இதில் பிரிஸ்டல் மெர்க்குரி இன்ஜின். முதலில் பி.11ஏ வந்தது, அதற்குப் பிறகு பி.11சி. 'சி'யில் இன்ஜினைக் கொஞ்சம் கீழே இறக்கி, விமானியைக் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தார்கள். எல்லாம் பார்வைக்காகத்தான். 175 செய்தார்கள். 1939-ல் போலந்தின் முதுகெலும்பு இதுதான். உச்ச வேகம் 375 கிலோமீட்டர். எதிரே வந்த மெஸர்ஷ்மிட் 109ஈ 550-க்கு மேல் போகும். துரத்த வேண்டிய ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களில் பலவே இதைவிட வேகமானவை.

பி.24 வெளிநாட்டுக்கு விற்பதற்காகச் செய்தது. போலந்துப் படை வாங்கவில்லை. பதினான்கு சிலிண்டர் பிரெஞ்சு நோம்-ரோன் இன்ஜின், பின்னாளில் மூடிய விமானி அறை, 430 கிலோமீட்டர் வரை வேகம். 1934-ல் சோதனை விமானி போலெஸ்வாவ் ஓர்லின்ஸ்கி இதன் முன்மாதிரியில் மணிக்கு 414 கிலோமீட்டர் என்று, சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய ரேடியல் இன்ஜின் போர் விமானங்களுக்கான உலக சாதனையே வைத்தார். துருக்கி, கிரேக்கம், பல்கேரியா, ருமேனியா வாங்கின.

பழைய புகைப்படத்தில் எது எது என்று பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. வாலில் புள்ளி வைத்த எண் இருந்தால் புள்ளிக்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள். 6 என்றால் பி.7ஏ, 7 என்றால் பி.11ஏ, 8 என்றால் பி.11சி. கிராகோவில் உள்ள விமானத்தின் எண் 8.63. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இனி கிட்டுக்கு வரலாம். நான் ஆரம்பித்த காலத்தில் பி.11சி வேண்டுமென்றால் ஹெல்லரின் பழைய 1/72 கிட், இல்லையென்றால் போலந்தின் 'பிளாஸ்டிக்' (Plastyk) என்ற நிறுவனம் போட்டது, இவைதான். இறக்கையில் வரிகள் தடித்தடியாக, தகரக் கூரை போல இருக்கும். 1/48-ல் மிராஜ் ஹாபியின் கிட் வந்தது. நல்ல முயற்சி, பாகங்கள் அதிகம், பொறுமை வேண்டும். இன்றைக்கு நிலைமை தலைகீழ். போலந்தின் இரண்டு நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு சொந்த நாட்டு விமானங்களைச் செய்கின்றன. ஆர்மா ஹாபி 1/72-ல் பி.7ஏ, பி.11சி இரண்டும் போட்டிருக்கிறது. ஐபிஜி மாடல்ஸ் 1/72-ல் பி.11சி, பி.24, அவற்றோடு காரஷ், வோஷ் என்ற குண்டுவீச்சு விமானங்களும், 1/32-ல் பெரிய பி.11சியும் தந்திருக்கிறது.

ஆர்மா ஹாபி ஒரே கிட்டை இரண்டு விதமாக விற்பதைக் கவனியுங்கள். எக்ஸ்பர்ட் செட் பெட்டியில் பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த நுண்பாகங்கள், பெயின்ட் மறைப்பு ஸ்டிக்கர், கூடுதல் டெகால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) எல்லாம் இருக்கும். எளிய பெட்டியில் பிளாஸ்டிக்கும் ஓரிரு டெகாலும் மட்டும். திறந்த விமானி அறை என்பதால் இருக்கைப் பட்டை முதல் எல்லாமே வெளியே தெரியும். இந்த விமானத்துக்கு மட்டும் உலோகத் தகட்டுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. மூடிய கண்ணாடிக்குள் மறைந்துபோகிற விமானத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

எந்த அளவில்? பி.11சி-யின் இறக்கை நீளம் 10.72 மீட்டர், உடல் நீளம் 7.55. 1/72-ல் அது பதினைந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, உள்ளங்கையில் நிற்கும். 1/48-ல் 22 சென்டிமீட்டர். 1/32-ல் 33 சென்டிமீட்டருக்கு மேல், அலமாரியில் தனி இடம் கேட்கும். உங்கள் மற்ற விமானங்கள் எல்லாம் 1/72 என்பதால் அதிலேயே இருங்கள். மெஸர்ஷ்மிட் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் 1939-ல் வானில் என்ன நடந்தது என்பது புரியும்.

இப்போது இறக்கை. பி.11-இன் இறக்கையைப் போர்த்தியிருப்பது வழவழப்பான தகடு அல்ல. மிக நெருக்கமான, மெல்லிய வரிகள் கொண்ட அலுமினியக் கலவைத் தகடு. முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு நோக்கி ஓடும் வரிகள். தகடு மெலிந்தே இருக்க வேண்டும், ஆனால் மடங்கக் கூடாது. அதற்காக வரி போட்டார்கள். நம் ஊரில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் நெளிவு செய்கிற வேலைதான். வால் பகுதியிலும் இதே வரி. உடல் மட்டும் வழவழப்பு.

புதிய கிட்களில் இந்த வரிகள் அளவுக்கேற்ப அவ்வளவு மெல்லியதாக வந்திருக்கின்றன. விரல் நகத்தை மேலே ஓட்டினால் ஒரு மெல்லிய அதிர்வு கேட்கும். வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தால் பட்டு வேட்டியில் இழை தெரிவதுபோல் தெரியும். பிரச்சினையும் இங்கேதான். இறக்கையின் மேல்பாதியும் கீழ்பாதியும் முன்விளிம்பில் சேரும் இடத்தில் ஒரு கோடு விழும். ஸ்பிட்ஃபயரில் என்ன செய்வோம்? புட்டி தடவி, உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குவோம். இங்கே அப்படிச் செய்தால் கோடு போகும், கூடவே பக்கத்தில் இருக்கும் வரிகளின் நுனியும் போய்விடும்.

நான் இதை அனுபவத்தில் கற்றவன். முதல் பி.11சி-யில் இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு விரற்கடை நீளத்துக்கு வரிகளை அழித்துவிட்டேன். பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்கும் வரை தெரியவில்லை. அடித்ததும் அந்த இடம் மட்டும் வழுக்கைத் தலை போல் பளபளத்தது. சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. மீதமான ஸ்ப்ரூவை (பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவர்த்தி வெப்பத்தில் சூடாக்கி மெல்லிழையாக இழுத்து, அதை ஒவ்வொரு வரியாக வைத்து, துளி பசையைத் தூரிகையில் தொட்டு ஓடவிட வேண்டும். எனக்கு அதற்கு இரண்டு மாலை பிடித்தது. விரற்கடை நீளத்துக்கு இரண்டு மாலை! அதனால் சொல்கிறேன்: ஒட்டுவதற்கு முன் பாதிகளைப் பசையில்லாமல் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். உள்பக்கத்தில் தடுப்பது எதுவோ அதைச் சுரண்டிவிடுங்கள். மெல்லிய திரவப் பசையைத் தூரிகையால் மூட்டில் ஓடவிட்டு, லேசாக அழுத்துங்கள். கரைந்த பிளாஸ்டிக் இழையாக வெளியே பிதுங்கும். மறுநாள் அதைப் புதுப் பிளேடின் விளிம்பால் முன்விளிம்பின் மூக்கில் மட்டும் சுரண்டி எடுங்கள். உப்புத்தாள் தேவைப்பட்டால் முன்விளிம்பின் அகலத்துக்கு மெல்லிய பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். இறக்கையின் மேல் ஒரு தடவை தவறுதலாகக்கூட ஓட்டாதீர்கள்.

இறக்கையை உடலில் சேர்க்கும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பறவை இறக்கை வளைவு என்பதால் கோணம் பார்வைக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் முன்னாலிருந்து பார்த்தால் விமானம் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பது போல் இருக்கும். இறக்கையை ஒட்டியதும் பசை காய்வதற்கு முன்பே தாங்கு கம்பிகளைப் பசையில்லாமல் பொருத்தி அளந்துவிடுங்கள். கம்பி நீளம்தான் கோணத்தைக் காட்டிக்கொடுக்கும். அப்புறம் முன்னாலிருந்து ஒரு செல்போன் படம் எடுத்துப் பாருங்கள். கண் ஏமாறும் இடத்தில் கேமரா ஏமாறாது.

சக்கரக் கால்களும் புவாவ்ஸ்கியின் விசித்திரம்தான். கத்தரிக்கோல் போல இரண்டு காலும் உடலுக்குள் போய்க் குறுக்காகச் சேரும். அதிர்வு தாங்கும் அமைப்பு உடலுக்குள்ளே. அதனால் வெளியே தெரிவது மெல்லிய கால்கள் மட்டும். கிட்டில் அவை மெல்லியதாகவே இருக்கும். ஸ்ப்ரூவிலிருந்து வெட்டும்போது கத்தியை ஒரேயடியாக அழுத்தாமல் இரண்டு மூன்று தடவையில் அறுத்தெடுங்கள்.

இன்ஜினைச் சுற்றியிருக்கும் வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பி.11சி-யில் அந்த வளையத்தின் முன்விளிம்புதான் எரிபுகை சேகரிக்கும் குழாய். அதனால் அது மற்ற இடங்களைப் போல காக்கி நிறத்தில் இருக்காது. சூட்டில் வெந்து பழுப்பும் செம்பும் கலந்த நிறத்தில் இருக்கும். பெயின்ட் அடிக்கும்போது அதை மறைத்து வையுங்கள். பிறகு அடிப்படைக்குக் கருஞ்சாம்பல் உலோக நிறம், அதன்மேல் தண்ணீராகக் கரைத்த பழுப்பை இரண்டு மூன்று தடவை, கடைசியில் ஓரிரு இடத்தில் மட்டும் நீலத்தின் சாயல். ஒரே சீராக இருக்கக் கூடாது. இந்த ஒரு வளையத்தைச் சரியாகச் செய்தால் பார்ப்பவரின் கண் நேராக அங்கேதான் போகும். முன்னால் சுழலும் இரு இலை விசிறி (புரொப்பெல்லர்) மரத்தால் ஆனது. அதையும் உலோகம் என்று நினைத்து வெள்ளி அடித்துவிடாதீர்கள்.

மேல்பக்க நிறம் காக்கி, கீழ்ப்பக்கம் இளநீலம். போலந்துக் காக்கி எது என்பதில் ஆட்கள் சண்டையே போடுவார்கள். பச்சை காட்டும் பழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். போலந்தின் ஹட்டாகா நிறுவனம் 1930-களின் போலந்து விமானப்படை நிறங்களை ஒரு செட்டாகவே விற்கிறது. கலக்கித் தலையைப் பிய்த்துக்கொள்ளப் பிடிக்காதவர்களுக்கு அது போதும். வரிகள் தனித்துத் தெரிய அடர்பழுப்பு ஆயில் வாஷ் (தண்ணியாகக் கரைத்த எண்ணெய் நிறம்) லேசாக ஓடவிடுங்கள். கறுப்பு வேண்டாம், இந்த நெருக்கமான வரிகளில் கறுப்பு போட்டால் அழுக்குச் சீப்பு போல ஆகிவிடும்.

டெகால். சிவப்பும் வெள்ளையுமாக நான்கு கட்டங்கள் கொண்ட சின்னத்தைப் போலந்தில் 'ஷஹோவ்னிட்சா', சதுரங்கப் பலகை என்பார்கள். இதில் பலர் தவறு செய்யும் இடம் இரண்டு. முதலாவது கட்டங்களின் வரிசை. 1993-ல் போலந்து அதை மாற்றியது. இன்றைய விமானங்களில் இடது மேல் கட்டம் வெள்ளை, அதற்கு முன்பெல்லாம் சிவப்பு. நவீன மிக்-29 படத்தைப் பார்த்துப் பழகிய கண் பி.11-இன் வாலிலும் வெள்ளையைத் தேடும். இரண்டாவது, இறக்கையின் மேல்பக்கத்தில் வலமும் இடமும் ஒரே தூரத்தில் இருக்காது. பல பி.11சி விமானங்களில் ஒரு பக்கச் சின்னம் உடலுக்கு நெருக்கமாகவும் மறுபக்கம் தள்ளியும் இருக்கும். எதிரியின் குறி தப்பட்டும் என்று வேண்டுமென்றே வைத்தது. "கிட்டில் ஏதோ தப்பு" என்று நினைத்து நீங்களாகவே சமப்படுத்திவிடாதீர்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் அளவுகோல் வைத்து அளந்து, மிக அழகாக, மிகத் தவறாக ஒட்டி வைத்திருக்கிறார்.

வரி மேல் டெகால் உட்காருவது தனிக் கலை. முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். கீழே மைக்ரோ செட் (டெகால் ஒட்ட உதவும் திரவம்), டெகாலை வைத்து இடம் சரியானதும் மேலே மைக்ரோ சோல் (டெகாலை இளக்கும் திரவம்). டெகால் சுருங்கிப் பயமுறுத்தும், தொடாதீர்கள். தானாகவே வரிகளுக்குள் இறங்கும். காய்ந்த பிறகு வெள்ளையாகக் காற்றுக் குமிழ் தெரிந்தால் கூர்முனையால் குத்தி இன்னொரு சுற்று. சிவப்புக் கட்டத்தில் குமிழ் இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

எந்தப் படையின் விமானமாகச் செய்வது என்பதுதான் சுவையான கேள்வி. 113-ஆம் படைப்பிரிவுக்கு ஆந்தை, 112-க்குச் சேவல், 121-க்குச் சிறகு முளைத்த அம்பு. 111-க்குப் போலந்தின் விடுதலை வீரர் கொசியுஷ்கோவின் பெயரிலான சின்னம்: குறுக்காக வைத்த அரிவாள்கள், தொப்பி, நட்சத்திரங்கள். 1919-20-ல் போலந்துக்காகப் பறந்த அமெரிக்கத் தன்னார்வலர்களில் ஒருவர் வரைந்தது. இதே சின்னத்தைப் பிறகு பிரிட்டனில் 303-ஆம் படை ஏந்திக்கொண்டது. உங்கள் அலமாரியில் 303-இன் ஸ்பிட்ஃபயர் இருந்தால் இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

நான் செய்தது 121-இன் அம்பு. 1939 செப்டம்பர் 1 காலை, கிராகோ அருகே பாலிட்செ விமானத்தளத்திலிருந்து கேப்டன் மெச்சிஸ்வாவ் மெட்வெட்ஸ்கியும் லெப்டினன்ட் வ்வாடிஸ்வாவ் க்னிஷும் பி.11சி-யில் எழும்பினார்கள். ஏறிக்கொண்டிருக்கும்போதே ஃபிராங்க் நோய்பர்ட் ஓட்டிவந்த ஸ்டூகா குண்டுவீச்சு விமானம் மெட்வெட்ஸ்கியைச் சுட்டு வீழ்த்தியது. க்னிஷ் தப்பித்து, சற்று நேரத்தில் ஷூராடா கிராமத்துக்கு மேல் இரண்டு டோர்னியர் 17 விமானங்களை வீழ்த்தினார். நேச நாடுகளுக்குக் கிடைத்த முதல் வான்வெற்றி அது. க்னிஷ் போருக்குப் பின் கனடாவில் குடியேறினார். ஐம்பது வருடம் கழித்து, 1989-ல், அவரும் நோய்பர்ட்டும் நேரில் சந்தித்துக் கை குலுக்கினார்கள்.

பீடம் செய்யும் எண்ணம் இருந்தால் கான்கிரீட் ஓடுதளம் வேண்டாம். முதல் நாளே போலந்து விமானங்கள் எல்லாம் தரையிலேயே அழிந்தன என்று இன்றும் எழுதுகிறார்கள். போர்ப் படைகளைப் பொறுத்தவரை அது உண்மையல்ல. போருக்கு முன்பே அவற்றை மறைவான புல்வெளித் தளங்களுக்கு நகர்த்திவிட்டார்கள். எனவே காய்ந்த புல், மரத்தோப்பின் ஓரம், இறக்கை மேல் சில கிளைகள். அதுதான் சரியான காட்சி.

துப்பாக்கியையும் கவனியுங்கள். இறக்கையில் வைக்கும் இரண்டு குழல்கள் கிட்டில் இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த விமானத்தில் உண்மையில் அவை இருந்தனவா என்று விளக்கத்தாளைப் பாருங்கள். பெரும்பாலான பி.11சி-களில் உடலின் இரு பக்கமும் இருந்த இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் மட்டும்தான்.

இதை முடித்து இன்னொன்று வேண்டும் என்று தோன்றினால் ஐபிஜியின் பி.24-ஐ எடுங்கள், கிரேக்க நிறத்தில். நீலமும் வெள்ளையுமான வட்டச் சின்னத்துக்காகவும், அதற்குப் பின்னால் உள்ள கதைக்காகவும். 1940 நவம்பர் 2, தெசலோனிக்கி அருகே மரீனோஸ் மித்ராலெக்ஸிஸ் என்ற கிரேக்க விமானி பி.24-இல் இத்தாலியக் குண்டுவீச்சு விமானம் ஒன்றைத் துரத்தினார். தோட்டா தீர்ந்துவிட்டது. விடவில்லை; தன் விசிறியாலேயே அதன் வாலை வெட்டினார். இத்தாலியர்கள் பாராசூட்டில் குதித்தார்கள். இவர் பக்கத்தில் விமானத்தை இறக்கி, கைத்துப்பாக்கியைக் காட்டி அவர்களைக் கைது செய்தார். பி.7ஏ-யை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். கட்ட நன்றாகவே இருக்கும், பி.11 முடித்த பிறகு அதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை, அவ்வளவுதான்.

பார்த்துச் செய்ய உண்மையான விமானம் வேண்டுமென்றால், உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே பி.11சி கிராகோவின் போலந்து விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதுதான் 121-ஐச் சேர்ந்த 8.63. ஜெர்மானியர்கள் கைப்பற்றிக்கொண்டுபோய் பெர்லினில் காட்சிக்கு வைத்தார்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து அந்தச் சேகரிப்பை வேறிடத்துக்கு நகர்த்த, போய்ச் சேர்ந்த இடமே போருக்குப் பின் போலந்தில் இருந்தது. அதன் புகைப்படங்கள் இணையத்தில் ஏராளம். அதைப் புதுப்பித்திருக்கிறார்கள் என்பதால் பெயின்ட் நிறத்துக்கு அதைச் சாட்சியாக எடுக்க வேண்டாம். ஆனால் இறக்கை வரிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, தாங்கு கம்பி எங்கே சேர்கிறது என்பதையெல்லாம் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பி.24-க்கு இஸ்தான்புல் விமான அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது.